நாரைகளிடம் பறக்கக் கற்றவர், 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தது ஏன்? யார் இந்த ஓட்டோ லிலியன்தால்?

ரிமோட்டில் பறக்கும் கிளைடர்களைப் பார்த்திருக்கிறீர்களா? இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. ரிமோட் வழியாக வால் பகுதியையும் இறக்கை விளிம்புகளையும் மட்டும் அசைக்கலாம். ஆனாலும் கை தேர்ந்தவர்கள் இதை மணிக்கணக்கில் காற்றிலேயே வைத்திருப்பார்கள்.

எப்படி? வானத்தில் ஒரு பருந்தோ கழுகோ இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தால் போதும். கிளைடரை உடனே அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். பறவை சுற்றும் அதே திசையில் கிளைடரும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே மேலே ஏறிக்கொண்டிருக்கும். சில நேரம் கிளைடர் ஏறுவதைப் பார்த்துப் பறவையே வந்து சேர்ந்துகொள்வதும் உண்டு.

பறவையைப் பார்த்துப் பறப்பது என்ற இந்த யோசனையை வெறும் கனவாக விடாமல், அளந்து, கணக்குப் போட்டு, தன் உடம்பையே வைத்துச் சோதித்தவர் ஒருவர் இருக்கிறார். ஜெர்மனியைச் சேர்ந்த இன்ஜினியர் ஓட்டோ லிலியன்தால். ரைட் சகோதரர்களுக்கு முன்பே சுமார் 2,000 முறை பறந்தவர். பறவையின் இறக்கை ரகசியத்தைக் கண்டுபிடித்த அவர், அந்தப் பறவை எந்தக் காற்றில் ஏறுகிறது என்ற கேள்விக்கு முழு விடை தெரியாமலேயே உயிரைவிட்டார்.

அவரது கதையைப் பார்க்கலாம்.

ராத்திரியில் பறக்க முயன்ற சிறுவர்கள்

1848 மே 23 அன்று, அப்போதைய பிரஷ்யாவின் அங்க்லாம் என்ற சிறிய ஊரில் பிறந்தார் ஓட்டோ. பெற்றோருக்கு எட்டுக் குழந்தைகள். அதில் ஓட்டோ, தம்பி குஸ்டாவ், தங்கை மேரி என மூன்று பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். 1861-ல் அப்பாவும் இறந்துவிட, குடும்பப் பொறுப்பு முழுக்க அம்மா தலையில் விழுந்தது.

ஊரைச் சுற்றிப் புல்வெளி. அங்கே கோடைக்காலத்தில் கூட்டம் கூட்டமாக நாரைகள் வரும். தமிழில் நாம் செங்கால் நாரை என்று சொல்கிறோமே, அதே பறவைதான். வெள்ளை உடல், கறுத்த இறக்கை ஓரம், சிவந்த கால்.

அண்ணனும் தம்பியும் இந்த நாரைகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தரையிலிருந்து கிளம்பும்போது நாரை எப்போதும் காற்றை எதிர்த்தே ஓடுவது ஏன்? இவ்வளவு கனமான பறவை, மேலே போனதும் இறக்கையை அடிக்காமலேயே எப்படி மிதக்கிறது? இந்தக் கேள்விகள் அவர்களை விடவே இல்லை.

பதின்ம வயதில் மரப்பட்டைகளைச் சேர்த்து இறக்கை செய்தார்கள். கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடி வந்து படபடவென்று அடித்தார்கள். அதையும் ராத்திரியில்தான் செய்தார்கள். பகலில் செய்தால் பள்ளிக்கூடப் பையன்கள் கிண்டல் செய்வார்களே!

பறக்க முடியவில்லை. ஆசையும் போகவில்லை.

பகலில் ஃபேக்டரி, மனதில் நாரை

ஓட்டோ முதலில் போட்ஸ்டாமிலும், பிறகு பெர்லினில் உள்ள தொழில் அகாடமியிலும் இயந்திரப் பொறியியல் படித்தார். 1870-71 பிரெஞ்சுப் போரில் தன்னார்வப் படைவீரராகப் போய்வந்தார். திரும்பியதும் வேலை. சுரங்க இயந்திரங்கள் பற்றியதுதான் அவரது முதல் காப்புரிமை. 1878-ல் ஆக்னஸ் ஃபிஷரைத் திருமணம் செய்துகொண்டார். நான்கு குழந்தைகள்.

அந்தக் காலத்து நீராவி பாய்லர்கள் வெடித்து ஆட்கள் சாவது சாதாரணம். லிலியன்தால் வளைந்த குழாய்களால் ஆன, வெடிக்கும் ஆபத்து குறைந்த ஒரு சிறிய பாய்லரை உருவாக்கினார். அதை நம்பி 1880-களில் பெர்லினில் சொந்த ஃபேக்டரி தொடங்கினார். 1890-ல் லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்கே பங்காகக் கொடுக்கத் தொடங்கினார். ஏழைகளும் நாடகம் பார்க்க வேண்டும் என்று குறைந்த கட்டணத் தியேட்டர் ஒன்றிலும் ஈடுபட்டார். அதற்காகத் தானே ஒரு நாடகமும் எழுதினார்.

ஆக, வேலை வெட்டி இல்லாமல் பறக்க ஆசைப்பட்டவர் இல்லை இவர். நல்ல தொழிலதிபர், குடும்பஸ்தர். பறக்கும் ஆராய்ச்சிக்குக் கிடைத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் மிச்ச நேரமும்தான்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

அப்போது பறப்பது என்றாலே பலூன் என்று அர்த்தம். காற்றை விட எடை கூடிய பொருள் பறக்கும் என்று சொன்னால் படித்தவர்களே சிரிப்பார்கள்.

லிலியன்தால் சகோதரர்கள் வாதம் பண்ணவில்லை. அளக்கத் தொடங்கினார்கள்.

நடுவில் ஒரு கம்பம், அதில் சுழலும் நீண்ட கை. கையின் நுனியில் சோதிக்க வேண்டிய இறக்கைத் துண்டு. எடையைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த எடை இறங்க இறங்கக் கை சுழலும். எவ்வளவு சாய்வில் வைத்தால் எவ்வளவு தூக்குவிசை கிடைக்கிறது, எவ்வளவு இழுவிசை தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 1870-களில் தொடங்கிய இந்த வேலை, நடுநடுவே நின்று நின்று பல ஆண்டுகள் நடந்தது.

கிடைத்த விடை இதுதான்: தட்டையான பலகையை விட, லேசாக மேல்நோக்கி வளைந்த இறக்கை பல மடங்கு மேல். நாரையின் இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அதே வளைவு. காற்று அந்த வளைவின் மேல் ஒட்டி ஓடும்போது, குறைந்த தடையில் அதிகத் தூக்குவிசை கிடைக்கிறது. இன்றைக்கு நீங்கள் ஏறும் விமானத்தின் இறக்கையிலும் ரிமோட் கிளைடரின் இறக்கையிலும் இருப்பது இந்த வளைவுதான்.

வீட்டுத் தோட்டத்தில் நாரைக் குஞ்சுகளை வளர்த்து, அவை பறக்கப் பழகுவதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். எல்லாவற்றையும் சேர்த்து 1889-ல் புத்தகமாக வெளியிட்டார். பறக்கும் கலைக்குப் பறவைப் பறத்தலே அடிப்படை என்பதுதான் தலைப்பின் பொருள். செலவு முழுக்கச் சொந்தக் காசு. அப்போது வாங்கிப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு. இன்று விமானவியலின் அடிப்படை நூல்களில் அதுவும் ஒன்று.

குன்றிலிருந்து ஓடிக் குதித்த 43 வயது இன்ஜினியர்

கணக்கு போதாது, காற்றில் போய்த்தான் பழக வேண்டும் என்பது அவரது முடிவு. முதலில் தோட்டத்தில் ஒரு பலகை மேடை கட்டி, அதிலிருந்து இறக்கையோடு குதித்துப் பழகினார். 1891 கோடையில் போட்ஸ்டாம் அருகே டெர்விட்ஸ் என்ற இடத்தில் ஒரு மணல் மேட்டிலிருந்து ஓடி வந்து காற்றில் ஏறினார். சுமார் 25 மீட்டர் தூரம். அப்போது அவருக்கு வயது 43.

கிளைடர் எப்படி இருக்கும்? வில்லோ மரக் கம்புகளால் ஆன சட்டம், மேலே பருத்தித் துணி. மொத்த எடை சுமார் 20 கிலோ. நடுவில் இருக்கும் திறப்பில் உடம்பை நுழைத்து, முழங்கையை ஊன்றித் தொங்க வேண்டும். காலும் இடுப்பும் கீழே ஆடும். திருப்ப வேண்டுமா? காலை அந்தப் பக்கம் வீச வேண்டும். மூக்கு மேலே தூக்குகிறதா? காலை முன்னால் நீட்ட வேண்டும். ஸ்டியரிங், பிரேக், கன்ட்ரோல் எல்லாம் உடம்பின் எடைதான்.

1893-ல் பெர்லினுக்கு வடமேற்கே உள்ள ரீனோவ் குன்றுகளில் 250 மீட்டர் வரை பறந்தார். அடிக்கடி அவ்வளவு தூரம் போக முடியாது என்பதால், 1894-ல் வீட்டுக்குப் பக்கத்தில் லிஷ்டர்ஃபெல்டேவில் ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பினார். உயரம் 15 மீட்டர். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதை எதிர்த்து ஓடலாம். சிறுவயதில் நாரையிடம் பார்த்த முதல் பாடம்!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். நாரைகள் பறப்பதை 1884-லேயே அதிவேகப் படங்களாக எடுத்துப் புகழ்பெற்ற ஒட்டோமார் அன்ஷுட்ஸ் என்ற புகைப்படக்காரர், லிலியன்தால் பறப்பதையும் படம்பிடித்தார். மனிதன் காற்றில் மிதக்கும் அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

விற்பனைக்கு வந்த முதல் விமானம்

1894-ல் இன்னொரு சாதனை. தன் கிளைடரின் ஒரு மாடலை ஃபேக்டரியில் தயாரித்து விற்கத் தொடங்கினார். விலை 500 மார்க். ஒரே வடிவமைப்பில் தொடர்ச்சியாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் விமானம் இதுதான் என்று கருதப்படுகிறது. ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி, பிரிட்டனின் பெர்சி பில்ச்சர், அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் ஆகியோர் வாங்கியவர்களில் சிலர்.

ஆனால் லிலியன்தாலின் கனவு விற்பனையில் இல்லை. நாரை மாதிரி வட்டமடித்து, இறக்கை அசைக்காமல் மேலே மேலே ஏற வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நல்ல எதிர்க்காற்றில் அவர் கிளம்பிய இடத்தை விட உயரமாகக்கூடப் போயிருக்கிறார். சில நொடிகள் காற்றில் அப்படியே ஒரே இடத்தில் நின்றிருக்கிறார். குன்றில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புவதால் கிடைக்கும் உதவி அது. ஆனால் சமவெளி மேல் நாரை வட்டமடித்து ஏறுகிறதே, அது எப்படி?

அவருக்குப் புரியாமல் போன ஒரு விஷயம்

இதற்கு லிலியன்தால் ஒரு விளக்கம் வைத்திருந்தார். காற்றை அளந்து பார்த்ததில், அது சராசரியாக மூன்று, நான்கு டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்தே வீசுகிறது என்று அவருக்குத் தோன்றியது. நாரையை அந்தச் சாய்வுதான் தூக்குகிறது என்று நம்பினார்.

உண்மை வேறு. வெயில் அடிக்கும்போது தரை ஒரே மாதிரி சூடாவதில்லை. உழுத நிலம், பாறை, கட்டடக் கூரை எல்லாம் சீக்கிரம் சூடாகும். ஈரப் புல்வெளியும் குளமும் மெதுவாகத்தான் சூடாகும். சூடான இடத்தின் மேலே உள்ள காற்று லேசாகி, தூண் மாதிரி மேலே கிளம்பும். இதற்குப் பெயர் தெர்மல். பறவை இந்தத் தூணுக்குள் வட்டமடித்தால் போதும், லிஃப்டில் ஏறுகிற மாதிரி மேலே போய்விடும். நம்ம ஊரில் மத்தியான வெயிலில் பருந்து வட்டமடிப்பதும் இதனால்தான். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் அது அப்படிச் சுற்றுவது குறைவு.

சூடான காற்று மேலே போகும் என்பது லிலியன்தால் காலத்திலும் தெரிந்ததுதான். ஆனால் அது எங்கே, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு திடீரென்று கிளம்பும், அதற்குள் ஒரு கிளைடர் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைப் பறந்து பார்த்து அறிந்தவர் யாரும் இல்லை. இறக்கைக்கு அட்டவணை இருந்தது. காற்றுக்கு இல்லை.

1896 ஆகஸ்ட் 9: என்ன நடந்தது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். ரீனோவ் பகுதியில் ஷ்டோல்ன் கிராமத்தை ஒட்டிய கோலன்பெர்க் குன்று. உதவியாளர் பவுல் பைலிஷ் உடன் இருந்தார். லிலியன்தால் தனக்கு நன்கு பழகிய ஒற்றை இறக்கை கிளைடரோடு கிளம்பினார்.

முதலில் பிரச்சினை இல்லை. பிறகு பறந்த ஒரு முறை, கீழிருந்து கிளம்பிய வெப்பக் காற்று திடீரெனத் தாக்கியது. கிளைடரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வேகம் போய்விட்டது. லிலியன்தால் காலை முன்னால் வீசி மூக்கை இறக்கப் பார்த்தார். முடியவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து கிளைடர் தலைகுப்புற விழுந்தது.

இதை ஸ்டால் என்பார்கள். இறக்கை அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால், அதன் மேல் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். மீள ஒரே வழி மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடிப்பது. அதற்கு உயரம் வேண்டும். 15 மீட்டர் போதாது. அதோடு, முழங்கையில் தொங்குபவர் காலையும் இடுப்பையும் மட்டும்தான் நகர்த்த முடியும். அந்த எடை மாற்றம், ஒரு பலமான காற்று வீச்சுக்கு ஈடுகொடுக்காது.

கழுத்து எலும்பு முறிந்தது. முதலில் ஷ்டோல்னுக்கும், மறுநாள் ரயிலில் பெர்லினுக்கும் கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 10 அன்று அவர் உயிர் பிரிந்தது. வயது 48.

எந்தக் காற்று நாரைகளை மேலே கொண்டுபோனதோ, அதே வகைக் காற்றுதான் அவரைக் கீழே தள்ளியது.

கிளைடரில்தான் கோளாறா?

கிளைடர் சரியில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர், 2016-ல் லிலியன்தால் கிளைடரின் துல்லியமான நகலைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. நிலைத்தன்மை நன்றாகவே இருந்தது என்பதுதான் முடிவு. அவர் காலத்துக்கு அது நல்ல வடிவமைப்பு. குறை, கட்டுப்படுத்தும் முறையில் இருந்தது.

அவர் விட்ட இடத்தில் தொடங்கியவர்கள்

லிலியன்தால் இறந்த செய்தியைப் படித்த அமெரிக்க சைக்கிள் கடைக்காரர்கள் இருவருக்கு, பறத்தல் மீதான பழைய ஆர்வம் மறுபடி கிளம்பியது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட். தங்கள் முதல் கிளைடர்களுக்கு லிலியன்தாலின் அட்டவணையைத்தான் பயன்படுத்தினார்கள்.

1901-ல் எதிர்பார்த்த தூக்குவிசை கிடைக்காமல் போகவே, அட்டவணை மீது சந்தேகம் வந்தது. சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் செய்து அளந்தார்கள். கடைசியில் பார்த்தால், லிலியன்தாலின் அளவீடுகள் பெரும்பாலும் சரிதான். கணக்கில் எல்லோரும் போட்டுவந்த ஒரு பழைய எண்தான் தப்பு!

ஆனால் லிலியன்தாலின் முறையில் இரண்டு விஷயங்களை அவர்கள் ஏற்கவில்லை. ஒன்று, உடம்பை ஆட்டித் திருப்புவது. அதற்குப் பதில், பறவைகள் இறக்கை நுனியை முறுக்குவதைக் கவனித்து, இறக்கையையே முறுக்கிக் கட்டுப்படுத்தினார்கள். இரண்டு, பயிற்சி நேரம். 2,000 முறை பறந்தாலும், லிலியன்தால் காற்றில் இருந்த மொத்த நேரம் சுமார் 5 மணி நேரம்தான். ஐந்து ஆண்டுகளில் 5 மணி நேரம். அவ்வளவு குறைந்த பழக்கத்தில் காற்றின் குணம் பிடிபடாது என்பது வில்பரின் கருத்து. 1903 டிசம்பர் 17-ல் நடந்தது உங்களுக்கே தெரியும்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. லிலியன்தாலிடம் கிளைடர் வாங்கிய பில்ச்சர் 1899-ல் தன் கிளைடரிலிருந்து விழுந்து இறந்தார். தம்பி குஸ்டாவோ இறக்கை அடிக்கும் இயந்திரத்தைச் செய்யக் கடைசிவரை முயன்று 1933-ல் காலமானார்.

காற்றின் ரகசியம் எப்போது பிடிபட்டது?

முதல் உலகப்போருக்குப் பிறகு, வெர்சாய் ஒப்பந்தத்தால் ஜெர்மனியில் இன்ஜின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. இளைஞர்கள் கிளைடர் பக்கம் திரும்பினார்கள். 1920 முதல் வாசர்குப்பே மலையில் போட்டிகள் நடந்தன. 1922-ல் மலைச்சரிவுக் காற்றில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவர் மிதந்து காட்டினார்.

1920-களின் முடிவில் தெர்மலும் பிடிபட்டது. காரணம், வேரியோமீட்டர் என்ற கருவி. நீங்கள் ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா, எவ்வளவு வேகத்தில் என்பதை அது காட்டும். நாரை உடம்பால் உணர்வதை, மனிதனுக்கு ஒரு முள் காட்டியது.

இன்றைய ரிமோட் கிளைடரில் விரல் நுனி அளவு வேரியோமீட்டர் இருக்கிறது. கிளைடர் ஏறினால் தரையில் நிற்பவருக்குப் பீப் சத்தம் கேட்கும். மூக்கு தூக்கினால் குச்சியை லேசாகத் தள்ளினால் போதும். ஸ்டால் ஆனாலும் உடைவது நுரையும் மரமும்தான், கழுத்து இல்லை. லிலியன்தாலுக்குக் கிடைக்காத அத்தனையும் இன்று ஒரு பொழுதுபோக்குக்காரர் கையில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் அவர்கள் முதலில் தேடுவது பறவையைத்தான். ஏன்னா தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது வட்டமடிக்கும் பறவைதான். அதனால்தான் பறவைக்கு மிக அருகே போகக் கூடாது, அது சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும், கூடு கட்டும் காலத்தில் கூட்டின் பக்கமே போகக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் கவனமாக இருக்கிறார்கள்.

இன்றும் அந்தக் குன்றில்

பிறந்த ஊரான அங்க்லாமில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. லிஷ்டர்ஃபெல்டேவில் அவர் எழுப்பிய செயற்கைக் குன்று இன்று நினைவிடம்.

ஷ்டோல்னில் அவர் விழுந்த குன்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பயணிகள் விமானம் நிற்கிறது. 1989 அக்டோபரில், கிழக்கு ஜெர்மனியின் இன்டர்ஃப்ளுக் நிறுவனத்தின் ஐஎல்-62 ஜெட் விமானத்தை, சுமார் 900 மீட்டர் புல்தரையில் விமானிகள் இறக்கினார்கள். லிலியன்தால் நினைவாக அங்கேயே நிறுத்திவைக்கத்தான் அந்தத் துணிச்சல். அந்த விமானத்துக்கு வைத்த பெயர் லேடி ஆக்னஸ்.

ஆம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குன்றுக்குப் போன கணவர் திரும்பி வரக் காத்திருந்த அந்த மனைவியின் பெயர்.